ஏலத்தோட்டக் கைகளைத் தொட்டுப் பாருங்கள்

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் கிளினிக்கில் உட்காரும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு குறிப்பு. ஏலக்காய் எடுக்கப் போகும் அக்கா "கை வலிக்குது டாக்டர்" என்றால், உடனே வலி மாத்திரை எழுதிவிடாதீர்கள். "காலையில எந்திரிச்சதும் விரல் மடங்குதாக்கா? எம்புட்டு நேரத்துல சரியாகுது?" என்று கேளுங்கள். அரை மணிக்கு மேல் இறுக்கம் என்றால் முடக்குவாதத்தை (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) சந்தேகப்படுங்கள்.

அடுத்து, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் முட்டுகளைப் பக்கவாட்டில் சேர்த்துப் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். அழுத்தும்போது அவர் முகத்தைப் பாருங்கள். வாய் சொல்லாததை அது சொல்லிவிடும். பாதத்திலும் இப்படியே. பிறகு ஒவ்வொரு முட்டாகக் கட்டைவிரலால் தடவுங்கள். மெத்தென்று இருந்தால் மூட்டுச் சவ்வின் வீக்கம், எலும்பு போலக் கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் தேய்மானம். நூறு கைகளைத் தொட்ட பிறகுதான் இந்த வித்தியாசம் விரலுக்குப் பழகும்.

முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதற்காக நோய் இல்லை என்று அனுப்பிவிடாதீர்கள். காய்ச்சல் வந்ததா என்றும் கேளுங்கள். சிக்குன்குனியாவுக்குப் பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வீங்கும். 2006-இல் கேரளம் அதை நிறையப் பார்த்தது. வீக்கம் நிச்சயம் என்றால் வாதநோய் நிபுணரிடம் தாமதிக்காமல் அனுப்புங்கள்.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைச் சீட்டோடு திரும்பி வந்தால், வாரத்தில் எந்தக் கிழமை என்று தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். மலையாளம் வாசிக்கத் தெரியாமல் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.