ஃப்ரிட்ஜ் ஐஸ் மேக்கர்: இணைப்பது முதல் கழுவுவது வரை

குழாயோடு இணைக்கும் ஐஸ் மேக்கரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நாமே தொட்டியில் தண்ணீர் ஊற்றும் வகை என்றால், குழாய் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுப் படியுங்கள்.

1. முதலில் தண்ணீர். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள், சாகாது. அதனால் குடிக்கிற தண்ணீரை மட்டுமே இணைக்க வேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஐஸ் கட்டியின் நடுவில் வெள்ளையாகத் தெரிவது வெளியிலிருந்து உள்ளே உறைந்துவரும்போது அங்கே சிக்கிக்கொண்ட காற்றும் உப்பும்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டி கரைந்த பிறகு டம்ளரின் அடியில் வெள்ளைத் துகள் தங்கினால் தண்ணீரில் உப்பு அதிகம். அதே உப்பு தண்ணீரை உள்ளே விடும் வால்விலும் படியும்.

2. அடுத்து அழுத்தம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. மாடலைப் பொறுத்துக் குறைந்தது 20, 30 பிஎஸ்ஐ (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) கேட்பார்கள். மொட்டை மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தாலே சுமார் 14 பிஎஸ்ஐதான் கிடைக்கும். மேல்மாடி வீட்டுக்கு அதுவும் வராது. கட்டி சின்னதாகவோ உள்ளே பொள்ளலாகவோ வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதையும் தண்ணீர் பில்டரையும் பாருங்கள். ஆர்.ஓ. இணைப்பிலும் இதே சிக்கல் வரலாம். சின்ன பிரஷர் பம்ப் தேவையா என்று பிளம்பரிடம் கேளுங்கள்.

3. இணைத்ததும் ஃப்ரீசரை மைனஸ் 18 டிகிரியில் வைத்து ஒரு நாள் பொறுங்கள். முதலில் விழும் இரண்டு மூன்று தடவை ஐஸைக் கொட்டிவிடுங்கள். புது டியூப் வாசனை அதில்தான் இருக்கும்.

4. கட்டி சிக்கிக்கொண்டதா? கையை உள்ளே விடாதீர்கள். தள்ளும் பற்கள் சட்டென்று சுழலும். பல மாடல்களில் கட்டியைக் கழற்ற, அது உறையும் அச்சுக்கு அடியில் ஹீட்டர் வேறு இருக்கிறது, சுட்டுவிடும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள், கொஞ்ச நேரம் கரையட்டும். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கூடவே கூடாது. ஒரு குத்தில் அச்சு ஓட்டையாகிவிடும்.

5. ஐஸ் பெட்டியை அவ்வப்போது காலி செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் கரைந்த கட்டிகள் மறுபடி ஒட்டி ஒரே பாறையாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திர லிக்விட் விட்டுக் கழுவி, சொட்டு ஈரமில்லாமல் துடைத்த பிறகே திரும்ப வையுங்கள். ஈரம் இருந்தால் புதுக் கட்டி அடியோடு ஒட்டிக்கொள்ளும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். மூடாத மீன் குழம்பு ஃப்ரிட்ஜில் இருந்தால் ஐஸிலும் அந்த வாசனை ஏறும், அதற்கு ஐஸ் மேக்கரைத் திட்டிப் பயனில்லை.

6. பில்டரைப் பெரும்பாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். மாற்றியதும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துக் கொட்டிவிடுங்கள்.

ஊருக்குப் போகிறீர்களா? ஐஸ் மேக்கரை அணைத்து, தண்ணீர் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள். அப்புறம், பெருக்குவதற்கு ஃப்ரிட்ஜை நகர்த்தினால் பின்னால் டியூப் மடங்கவில்லையே, இணைப்பில் ஈரம் இல்லையே என்று ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள்.