ஏஜென்ட் படிப்பதற்கென்று ஒரு குறிப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எஸ்ஆர்ஏ என்ற பொது மரபணுத் தரவுக் களஞ்சியத்திலிருந்து செம்பனை மரபணு வாசிப்புகளை இறக்கும் வேலையை, கட்டளைகளைத் தானே ஓட்டும் ஓர் ஏஐ ஏஜென்டிடம் கொடுத்தேன். இறக்கும் கருவியின் கையேட்டையும் அப்படியே கொடுத்தேன். அதுதான் தப்பு.

இறக்கிய கோப்பை வாசிப்புக் கோப்பாக மாற்றும் ஃபாஸ்டர்கியூ-டம்ப் கட்டளையோடு, கோப்பைச் சுருக்கச் சொல்லும் ‘ஜிஜிப்’ என்பதை ஏஜென்ட் சேர்த்துக்கொண்டே இருந்தது. அது பழைய ஃபாஸ்ட்கியூ-டம்பில் உள்ள வசதி, புதியதில் கிடையாது. கோப்பை இறக்கும் பிரிஃபெட்ச் கட்டளை வேறு, நாம் வரம்பை மாற்றாவிட்டால் 20 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைத் தாண்டிப் போய்விடும். ஏஜென்ட் அதைக் கவனிக்காமல் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டது. காலையில் பார்த்தால் ஃபோல்டர் காலி!

அப்பா தோட்டத்தில் குலை வெட்டியவர். “புது ஆளுகிட்ட பழுத்த குலைய வெட்டுன்னா எப்படித் தெரியும்? கீழ பழம் உதிர்ந்து கிடந்தா வெட்டு, இல்லன்னா தொடாதேன்னு சொல்லணும்” என்றார்.

சரி என்று கையேட்டை ஓரங்கட்டிவிட்டு ஒரே பக்கத்தில் எழுதினேன். முதலில் பிரிஃபெட்ச், வரம்பைக் கூட்டிப் போடு. அடுத்து, இறங்கிய கோப்பு பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் விடிபி-வேலிடேட்; அது சரி என்று சொல்லாமல் அடுத்த படிக்குப் போகாதே. வட்டில் இடம் பார்த்த பிறகே ஃபாஸ்டர்கியூ-டம்ப், ஏனென்றால் தற்காலிகக் கோப்புகளே ஏராளமாக இடம் பிடிக்கும். ஜிஜிப் அதில் இல்லை, சுருக்குவது தனி வேலை. ஒவ்வொரு பிழைச் செய்திக்குக் கீழும் என்ன செய்வது என்று ஒரு வரி.

மறுநாள் இரவு மழையில் இணைய லைன் போனது. ஏஜென்ட் அதே பிரிஃபெட்ச்சை மறுபடி ஓட்டி, விட்ட இடத்திலிருந்து இறக்கியது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.