ஒரு துணை சுகாதார நிலையப் பகுதியின் இரத்தக் கொதிப்புக் கணக்கை எடுப்பது எப்படி?

சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது இந்தியப் பொதுச் சுகாதார அமைப்பு வகுத்துக்கொண்ட அளவு. அந்த 5,000 பேரில் எத்தனை பேருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுக்குள் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிய வேண்டுமானால், மாத்திரை வாங்க வந்தவர்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. வராதவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அதற்கான வழிமுறையைக் கிராம சுகாதார செவிலியர்களையும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை, பகுதியில் உள்ள வீடுகளின் பட்டியலைத் தெருவாரியாகப் புதுப்பிப்பது. வயது வந்தோர் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து எடுங்கள். தமிழ்நாட்டில் 2020இல் நடந்த தொற்றாநோய்க் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதையும், அவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவர்களுக்கே அது கட்டுக்குள் இருப்பதையும் காட்டியது. எனவே உங்கள் பகுதியில் 18 வயதைக் கடந்தவர்கள் 3,600 பேர் என்றால், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சுமார் 1,200 பேர் இருக்கலாம். இந்த எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அடுத்தது அளவெடுப்பது. கருவி நல்லதாக இருந்தாலும் எடுக்கும் விதத்தில் பிழை இருந்தால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும் என்பதால், இதில் அவசரம் கூடாது. வெயிலில் நடந்து வந்தவரையோ அப்போதுதான் டீ குடித்தவரையோ புகை பிடித்தவரையோ அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தவருக்கு அப்படியே எடுத்துவிடும் வழக்கத்தைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கினால் போதும். கைப்பட்டையைச் சட்டைக் கையின் மேலோ ரவிக்கையின் மேலோ சுற்றக் கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். கை நெஞ்சின் மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும்; அளவெடுக்கும்போது அவரும் பேசக் கூடாது, நாமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டாம் முறையும் எடுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்புங்கள். நோய் உண்டா என்பதையும் மாத்திரையையும் அவரே முடிவு செய்வார். பதிவேட்டைப் புரட்டும்போது 130, 140, 150 என்று எல்லா அளவும் பூஜ்யத்திலேயே முடிந்தால், எங்கோ கருவியைப் பார்த்து எழுதாமல் தோராயமாக எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தெருவுக்கு மீண்டும் போக வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு வீடுவீடாகப் போனால் முதியவர்களும் பெண்களில் சிலருமே அகப்படுவார்கள். விடுபடுபவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகும் ஆண்கள். அவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டில், விடிகாலையில் டீக்கடைப் பக்கம், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் தேடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைக் கூட்ட வேண்டும். பதிவேட்டில் 400 பேர் இருந்து, கடைசியாகப் பார்த்தபோது 280 பேருக்கு 140/90க்குக் கீழே இருந்தால், கட்டுப்பாடு 70 விழுக்காடு. இந்த எண்ணைக் கேட்டு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் முதல் பக்கத்தில் எழுதிய 1,200ஆல் வகுத்தால் அது சுமார் 23 விழுக்காடுதான். இரண்டையும் அருகருகே எழுதுங்கள். முதல் எண் சிகிச்சையின் தரத்தையும் இரண்டாவது எண் ஊரின் நலத்தையும் சொல்கின்றன. மேலதிகாரிக்கு ஒன்றை மட்டும் அனுப்புவது நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். மூன்று மாதமாக வராதவரை மொத்தத்திலிருந்து நீக்காமல், கட்டுக்குள் இல்லாதவராகவே எண்ண வேண்டும். இறந்தவர்களையும் ஊரைவிட்டுப் போனவர்களையும் மட்டும் உறுதி செய்துகொண்டு, காரணத்தையும் எழுதிவிட்டு நீக்கலாம்.

மாத்திரை கொடுத்துவிட்டோம் என்பதும் கணக்காகாது. ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் அரிசி டப்பாவைத் திறந்து, பிரிக்காத மாத்திரை அட்டைகளை அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினார். தலைசுற்றல் வரும் நாளில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வதாகச் சொன்னார். அவர் பெயருக்கு நேரே மூன்று மாதமும் "மருந்து வழங்கப்பட்டது" என்றே இருந்தது. ஆகவே அடுத்த மாத மாத்திரையைக் கொடுக்கும் முன், பழைய அட்டையைக் காட்டச் சொல்லி, மிச்சம் எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணையும் அன்றைய அளவையும் ஒரே வரியில் எழுதுங்கள். மிச்சம் இருந்தால் கடிந்துகொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள். கால் வீக்கமோ வேறு தொந்தரவோ சொன்னால், அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.