பார்வை குறைந்தவர் தன் வேலையைத் தானே செய்ய: எங்கிருந்து தொடங்குவது?

என் சித்திக்குப் பார்வை மங்கிய புதிதில், அவரை ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடவில்லை நாங்கள். பாசம்தான். ஆனால் ஆறே மாதத்தில் அவர் தலை வாரவும் ஆள் தேடும் நிலை வந்துவிட்டது. அப்புறம்தான் புத்தி வந்து ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். அதிலிருந்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில படிகள்.

1. முதலில் கேளுங்கள்

பார்வைக் குறைபாடு என்றதும் முழு இருட்டு என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலானோருக்குக் கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருக்கும். க்ளகோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) முற்றியவருக்கு ஓரப் பார்வை போயிருக்கும். பேப்பர் படிப்பார், ஆனால் நாற்காலியில் இடித்துக்கொள்வார். வயதானதால் விழித்திரையின் மையப்பகுதி தேய்ந்தவர் நேர்மாறு: தடுமாறாமல் நடப்பார், எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. அதனால் "தெரியுதா?" என்று கேட்டுப் பயனில்லை. எந்த வெளிச்சத்தில், எந்தப் பக்கம் தெரிகிறது என்று கேளுங்கள். எந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆசை என்றும் கேளுங்கள். பயிற்சி அந்த வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும், நீங்கள் முக்கியம் என்று நினைப்பதிலிருந்து அல்ல.

2. பொருளுக்கு ஒரே இடம்

எது எங்கே என்பதை அவரே முடிவு செய்யட்டும். எடுத்ததை அதே இடத்தில் வைப்பது வீட்டில் எல்லோருக்கும் பொருந்தும் சட்டம். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லை முழுக்க மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக நெற்றியில் இடிக்கும். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாட்டில்களில் ஒன்றுக்கு ரப்பர் பேண்ட் போட்டால் போதும், விரல் கண்டுபிடித்துவிடும்.

3. தண்ணீர் ஊற்றுவது

சின்ன வேலைதான், ஆனால் இதில் எல்லாமே இருக்கிறது. விளிம்புள்ள தட்டின் மேல் டம்ளரை வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கையின் ஆள்காட்டி விரல் நுனி, விளிம்பைத் தாண்டி டம்ளருக்குள் தொங்க வேண்டும். ஜக்கின் வாயை டம்ளர் விளிம்பில் முட்டவைத்து மெதுவாக ஊற்ற, தண்ணீர் விரலைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். சில நாளில் காதும் பழகிவிடும். டம்ளர் நிறைய நிறைய சத்தம் கீச்சென்று மாறும்.

சூடானதற்கு விரல் கூடவே கூடாது. டம்ளர் விளிம்பில் மாட்டி வைத்தால், திரவம் தொட்டதும் பீப் என்று கத்தும் சின்னக் கருவி கிடைக்கிறது. இல்லாவிட்டால், குளிர்ந்த நீரை அந்த டம்ளரிலேயே முக்கால் அளவு அளந்து கெட்டிலில் விடலாம். சூடாகி வருவதும் அதே அளவுதான், வழியாது.

சொல்லிக்கொடுக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கை வேலை செய்யட்டும், அவர் கை உங்கள் கைமேல் இருக்கட்டும். வேண்டாம் என்றால் அவரே கையை எடுத்துவிடுவார். "இங்கே", "அந்தா" எல்லாம் வேண்டாம். "உங்கள் வலது கையிலிருந்து ஒரு சாண் தள்ளி" என்று சொல்லுங்கள். தட்டில் இருப்பதைச் சொல்லக் கடிகார முகம் உதவும்: அவருக்கு அருகில் ஆறு மணி, எதிரே பன்னிரண்டு.

சிந்தும். சிந்தட்டும். துணியோடு ஓடுவதுதான் நம் கெட்ட பழக்கம். நான் என் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நிஜமாகவே. துடைப்பதும் ஒரு பாடம்தான்: வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் லேசாகப் படும்படி.

4. நடப்பது

வீட்டுக்குள் புறங்கை சுவரைத் தொட்டபடி நடக்கலாம். குனியும்போது ஒரு முன்கை முகத்துக்கு முன்னால் இருக்கட்டும். வெளியே போகும்போது நீங்கள் அவரைப் பிடிக்க வேண்டாம். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, அரைத் தப்படி பின்னால் வரட்டும். படி வந்தால் நின்று, ஏறும் படியா இறங்கும் படியா என்று சொல்லுங்கள். வெள்ளைக்கோல் வீச்சையும் சாலை கடப்பதையும் இதற்கென்று இருக்கும் பயிற்சியாளரிடமே கற்க வேண்டும். இதைப் போன்ற பதிவைப் படித்துவிட்டு முயன்று பார்க்கும் விஷயம் அல்ல அது.

5. போன்

திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் வசதி போனிலேயே உண்டு: ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர்; இரண்டும் செட்டிங்ஸில் ஏற்கெனவே இருக்கின்றன. இயக்கியதும் விரல் பழக்கம் மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். ஆகவே எப்படி நிறுத்துவது என்று தெரிந்துகொண்டு இயக்குங்கள். நான் அதைச் செய்யாமல் அரை மணி நேரம் திண்டாடினேன்.

கூடவே ஒரு இயர்போனும் கொடுங்கள். மெசேஜைப் போன் உரக்கப் படித்தால் வீடே கேட்கும். சித்தி முதலில் கேட்டதே அதைத்தான். ஆனால் வெளியே நடக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். வண்டி வருவது காதுக்குத்தான் தெரியும்.