ஒழுகும் கார்ப்பரேட்டர்: பழைய வண்டிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் செல்லூர் போன்ற பகுதிகளின் குறுகிய சந்துகளில் இருசக்கர வண்டி நிறுத்தத் தனி இடம் கிடையாது. இரவானால் வண்டியை வாசற்படியில் பலகை போட்டு ஏற்றி, நடையில் நிறுத்திவிடுவோம். நடைக்கு அடுத்த அறை பெரும்பாலும் சமையலறை. எனவே, விடிகாலையில் கதவைத் திறக்கும்போது பெட்ரோல் வாசனை அடித்தால், ‘பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவதே முதல் தவறு. மற்ற எல்லாத் தவறுகளையும்விட ஆபத்தானதும் அதுவே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே எழுந்து கலைந்து போகாமல், தரையோடு தரையாகப் பரவி அடுப்பையும் விளக்கையும் தேடிச் செல்லும். ஆகவே, ஒழுக்கு தெரிந்தவுடன் டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பை மூடி, வண்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்த பிறகே மற்ற வேலைகளைப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, ஒழுகும் இடத்தைப் பார்க்காமலேயே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைக் கழற்றுவது. கார்ப்பரேட்டரின் வெளிப்புறத்தை முழுவதும் துடைத்துக் காயவிட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்து பத்து நிமிடம் கவனித்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலின் விளிம்பில் ஈரம் கசிந்தால், அதன் இடுக்கை அடைக்கும் கேஸ்கட்டும், மிகுதிப் பெட்ரோல் வெளியேற அடியிலுள்ள ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டினால், பவுலுக்கு வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசியான நீடில், அது உட்காரும் சீட், அதைத் தள்ளும் மிதவையான ஃப்ளோட் ஆகியவையும், மேலே பெட்ரோல் டியூப் செருகும் இடத்தில் நனைந்தால் அந்த டியூபும் விசாரிக்கப்பட வேண்டியவை.

மதுரை வெயிலில் இன்னொரு மயக்கமும் உண்டு. பெட்ரோலின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 1 சதவீதம் விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெட்ரோலை, மூடி வரை 10 லிட்டர் நிரப்பிச் சித்திரை வெயிலில் நிறுத்தினால், சுமார் 100 மில்லி வழிவதற்கு வேறு காரணமே தேவையில்லை. மூடியோரம் கசிந்து டேங்கின் பக்கவாட்டில் இறங்கிக் கார்ப்பரேட்டரின் மேல் சொட்டும் அந்தப் பெட்ரோலைப் பார்த்துவிட்டு, பழுதே இல்லாத கார்ப்பரேட்டரைப் பிரித்தவர்களை நான் அறிவேன்.

ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பவுலை இரண்டு தட்டுத் தட்டினால் ஒழுக்கு நிற்பதும் உண்டு. சிக்கியிருந்த நீடில் அதிர்ச்சியில் விடுபடுவதால் அது நிற்கிறது. வழியில் மாட்டிக்கொண்டவருக்கு வீடு வந்து சேர அது உதவும். ஆனால் அதையே பழுது நீக்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீடிலைச் சிக்கவைத்த தூசியோ தேய்மானமோ அங்கேயேதான் இருக்கிறது.

பவுலில் பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட் மேலெழுந்து, தன் சிறிய நாக்கால் நீடிலைத் தள்ளிச் சீட்டின் துளையை அடைக்கிறது. இந்த ஒரே அடைப்பை நம்பித்தான் முழு டேங்கும் மேலே நிற்கிறது. நீடிலின் கூம்பு முனையில் வளையம் போலத் தடம் விழுந்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். பலர் நீடிலை மட்டும் மாற்றிவிட்டுச் சீட்டைக் கண்டுகொள்வதில்லை. சில கார்ப்பரேட்டர்களில் சீட்டைத் திருகிக் கழற்றலாம். அதன் அடியிலுள்ள வாஷரையும் மறக்காமல் மாற்ற வேண்டும். கார்ப்பரேட்டரின் உடலோடு அழுத்திப் பொருத்திய சீட்டாக இருந்தால், காதுக் குச்சியில் சிறிது மெட்டல் பாலிஷ் தொட்டு மென்மையாகத் துடைப்பது போதும். எமரித் தாளைக் கொண்டு தேய்த்தால் கோடு விழுந்து, முன்பு சொட்டியது பிறகு ஓடத் தொடங்கும்.

என் அப்பாவின் 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் இப்படி அடுத்தடுத்து மூன்று நீடில்களை மாற்றினேன். ஒழுக்கு நிற்கவில்லை. கார்ப்பரேட்டரையே புதிதாக வாங்கிவிடச் சொன்னார்கள். உண்மையில் நீடிலில் எந்தக் குறையும் இல்லை. பவுலுக்குள் செங்குத்தாக நிற்கும் பித்தளை ஓவர்ஃப்ளோ குழலில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. பெட்ரோல் மட்டம் சரியாக இருந்தபோதும் அந்த விரிசல் வழியாகவே அது வெளியேறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நீடிலைத் தொடுவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்கிறேன்: பவுலைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து, குழலின் மேல்வாய்க்குச் சற்றுக் கீழே வரை பெட்ரோல் ஊற்றி, வெளிப்புற முனை நனைகிறதா என்று சில நிமிடம் பார்ப்பேன். நனைந்தால் குற்றம் குழலில். இத்தகைய குழல் இல்லாத கார்ப்பரேட்டர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. இதை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே பெட்ரோல் குலுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால், நெருப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்த வெந்நீரில் அமிழ்த்துங்கள்; ஓட்டை இருந்தால் குமிழி வரும். ஓட்டை விழுந்த பித்தளை ஃப்ளோட்டை உள்ளே பெட்ரோல் இருக்கும்போதே ஈயம் வைத்துப் பற்றவைக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. ஒழுக்கை நிறுத்துவதற்காக ஃப்ளோட்டின் நாக்கை வளைத்து வளைத்துப் பார்ப்பதும் தவறு. பவுலில் பெட்ரோல் மட்டம் அளவுக்குமேல் தாழ்ந்துவிட்டால் வீதியில் நன்றாக ஓடும் வண்டி, மேலூர் நான்குவழிச் சாலையில் வேகமெடுக்கும்போது பெட்ரோல் போதாமல் திணறும். ஃப்ளோட்டின் உயரம் வண்டிக்கு வண்டி மாறுபடும் என்பதால், அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். கார்ப்பரேட்டரை நேர் தலைகீழாகப் பிடித்து அளந்தால், ஃப்ளோட்டின் எடை நீடிலின் நுனியிலுள்ள சிறு ஸ்பிரிங்கை அமுக்கி அளவைப் பொய்யாக்கும். சற்றுச் சாய்த்து, நாக்கு நீடிலைத் தொட்டும் ஸ்பிரிங்கை அமுக்காமலும் இருக்கும் நிலையில் அளக்க வேண்டும்.

பவுல் கேஸ்கட்டைப் பழையதையே திரும்பப் போடுவதும், அது பொருந்தாதபோது சிலிக்கான் பேஸ்ட்டை அப்புவதும் சேர்ந்தே நடக்கும் தவறுகள். சாதாரணச் சிலிக்கான் பெட்ரோலில் ஊறி நெகிழ்ந்து, துணுக்குகளாகப் பிரிந்து, பெட்ரோல் செல்லும் நுண்துளையான ஜெட்டை அடைத்துவிடும். 2023 பிப்ரவரியில் அறிமுகமாகிப் பின்னர் பரவலான 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில், அதற்காக வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் பாகங்கள் உப்பவும் இறுகவும் கூடும். ஆகவே, ஓ-ரிங், நீடில் முனை, டியூப் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரப்பரில் கேட்டு வாங்குவது நல்லது. கிளீனர் திரவத்தில் ஊறவைக்கும் முன் எல்லா ரப்பர் பாகங்களையும் கழற்றி எடுத்துவிட வேண்டும். பவுல் ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். மென்மையான உலோகத்தில் மரை போய்விட்டால் பிறகு எந்தக் கேஸ்கட்டும் காப்பாற்றாது. ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளின் ஸ்க்ரூ தலைகளுக்கு, சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் முழுமையாகப் பொருந்தாமல் தலையைச் சிதைத்துவிடும்.

எல்லாம் மாற்றியும் ஒரு வாரத்தில் ஒழுக்கு திரும்பினால் டேங்கைப் பாருங்கள். பாதி காலியாக மாதக்கணக்கில் நின்று, ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தையும் வாங்கிய டேங்கில் துரு பிடிக்கும். துருவின் ஒரு துகள் போதும், நீடில் சீட்டில் உட்காராமல் தடுக்க. டேங்கையும் டேப்பின் வலையையும் சுத்தம் செய்யாமல் கார்ப்பரேட்டரை மட்டும் பழுது பார்ப்பது வீண் செலவு.

ஒழுக்கை நிறுத்தியவுடன் கிக்கரை மிதித்துவிடவும் கூடாது. வழிந்த பெட்ரோல் வெளியே மட்டுமல்லாமல், கார்ப்பரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி, நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கலாம். ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ, ஆயில் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தாலோ, அந்த ஆயிலை முழுவதும் வடித்துப் புதிய ஆயில் ஊற்றிய பிறகே வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு வெளியில் நிழலான இடத்தில், டேப்பைத் திறந்துவைத்து, அடியில் புதிய செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். தாள் காய்ந்தே இருந்தால் மட்டும், டேப்பை மூடிவிட்டு வண்டியை நடைக்குள் ஏற்றலாம்.