மேடையில் முதல் அரை நிமிடம்

பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறேன். முழு உரையையும் மனப்பாடம் செய்ய விடமாட்டேன். ஒரு சொல் மறந்தால் எல்லாமே நின்றுவிடும். அப்படித் திகைத்து நிற்கும் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. முதல் 3 வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். நடுவில் வருவதை உள்ளங்கை அளவு அட்டையில் 5 சொற்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். தாள் வேண்டாம், கை நடுங்கினால் அதுவும் படபடக்கும்.

மேடையேறியதும் பேசிவிடாதீர்கள். மைக்கை உங்கள் உயரத்துக்கு இறக்கி, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றுச் சாய்வாக வையுங்கள். நேராக இருந்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி 'டப்' என்று கேட்கும். அப்புறம் ஒரு மூச்சு, மெதுவாக வெளியே. கடைசி வரிசையில் ஒருவரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். குரல் அதுவரை போகும்.

5 நிமிடப் போட்டியா? 4 நிமிடத்துக்குத் தயாரியுங்கள், கைதட்டலுக்கும் நேரம் வேண்டுமே.