இரண்டு வேளை நீச்சல்: எப்போது, எவ்வளவு சாப்பிடுவது?

காலை ஐந்தரைக்கு ஒரு பயிற்சி, மாலை ஐந்துக்கு இன்னொன்று. பகலெல்லாம் அரைவயிறாக இருந்துவிட்டு ராத்திரி பரோட்டாவில் கணக்குத் தீர்க்கும் பிள்ளைக்கு மாலையில் கடைசி செட் (ஓய்வு விட்டு விட்டு நீந்தும் சுற்றுகளின் தொகுப்பு) வரும்போது கை தூக்க வராது. வேகமான செட்டுக்கு எரிபொருள் தசையில் இருக்கும் கிளைக்கோஜன்தான், அதாவது உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்து. காலையில் கரைந்ததை மாலைக்குள் நிரப்பியாக வேண்டும்.

50 கிலோ எடையுள்ளவருக்கு, இரு வேளை நீந்தும் நாளில் 300 முதல் 400 கிராம் மாவுச்சத்தும் 70 முதல் 90 கிராம் புரதமும் தேவைப்படும். ஓர் இட்லியில் ஏறக்குறைய 12 கிராம் மாவுச்சத்து, ஒரு கப் சோற்றில் 40, நடுத்தர வாழைப்பழத்தில் 25. முட்டை ஒன்றுக்கு 6 கிராம் புரதம். (ஒலிம்பிக் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தினம் 12,000 கலோரி சாப்பிட்டார் என்று கேட்டுவிட்டுத் தட்டை நிரப்ப வேண்டாம். அது கட்டுக்கதை என்று அவரே மறுத்துவிட்டார்.)

காலையில் வெறும் வயிற்றோடு குளத்தில் இறங்கக் கூடாது. தூங்கும்போதே கல்லீரலில் இருந்த கிளைக்கோஜன் இருப்பு பெரும்பாலும் செலவாகியிருக்கும். அரை மணி நேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழமும் இரண்டு பேரீச்சம்பழமும் போதும். கரையேறிய ஒரு மணி நேரத்துக்குள் நான்கு இட்லி, இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். முட்டை சாப்பிடாதவருக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ஸ்கூல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இதை விட்டால் மதியச் சாப்பாடு ஈடுகட்டாது. மாலை நாலு மணிக்குத் தயிர் போட்ட அவல், அல்லது ஜாம் தடவிய பிரெட். பஜ்ஜி, சமோசா வேண்டாம்.

போட்டி நாளில்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் சொதப்புவது. தெம்பு வரட்டும் என்று பூரியும் நெய் மிதக்கும் பொங்கலும் ஊட்டுவார்கள். கொழுப்பு வயிற்றிலிருந்து இறங்க நேரமாகும். ஃபிளிப் டர்னில் (சுவரருகே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பும்போது) முழங்கால் வயிற்றை அழுத்தும்போது புளிப்பு தொண்டைவரை ஏறி வரும், அடுத்த மூச்சு தவறும். முதல் ஹீட்ஸுக்கு (தகுதிச் சுற்றுக்கு) மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லியோ இடியாப்பமோ சாப்பிட்டு முடிப்பது நல்லது. அதற்குப் பிறகு இடைவெளியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்:

– அரை மணிக்குள் அடுத்த ரேஸ்: கீழே சொல்லும் சர்க்கரை-உப்புப் பானம் மட்டும், இரண்டு மூன்று மடக்கு.
– ஒரு மணி நேரம்: பாதி வாழைப்பழம் அல்லது இரண்டு பேரீச்சம்பழம்.
– இரண்டு மணி நேரத்துக்கு மேல்: எண்ணெய் இல்லாத இட்லி இரண்டு, அல்லது ஒரு சின்ன கிண்ணம் தயிர்சாதம்.
– ஹீட்ஸ் காலையில், ஃபைனல் மாலையில்: ரசம் சாதம், கொஞ்சம் கோழி அல்லது பன்னீர், பிறகு தூக்கம்.

பானத்தை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, பாதி எலுமிச்சை. சர்க்கரை 80 கிராமைத் தாண்டினால் வயிறு கனத்து, பிரட்டும். தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது என்பதால் பலர் குடிப்பதே இல்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் துடைத்துக்கொண்டு எடை பாருங்கள். அரை கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் முக்கால் லிட்டர் உள்ளே போக வேண்டும்.

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சில பெண் பிள்ளைகள் சோற்றைக் குறைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் கடும் பயிற்சியால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். உடல் செலவழிக்கும் அளவுக்கு உணவு போகவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பும் வலுவிழக்கும். அப்போதே ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவிருந்தால் சாப்பாட்டோடு டீ, காபி குடிக்கும் பழக்கத்தை நிறுத்தி, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.